பச்சை மாறாமல் ஒரு சாவு

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் மறுநாள் விடிவதற்குள் சுவரில் 'கண்ணீர் அஞ்சலி' ஒட்டியிருக்கும். நடுவில் படம். இடப்பக்கம் தோற்றம், வலப்பக்கம் மறைவு. கீழே வருந்தும் குடும்பத்தாரின் பெயர் வரிசை. இந்த இரங்கலுக்கும் அப்படி ஒன்று அடிக்கலாம் என்று உட்கார்ந்தால் ஒவ்வொரு கட்டத்திலும் இடிக்கிறது. தோற்றத் தேதி யாருக்கும் தெரியாது. மறைவுத் தேதியை ஏதோ எட்டுப் பத்து ஆண்டுகளுக்குள் என்று குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும். படம் போடலாமென்றால், உயிரோடு இருந்தபோது விமானத்திலிருந்து எடுத்த படமும் போன பிறகு எடுத்த படமும் பல இடங்களில் ஒன்றுபோலவே இருக்கின்றன. இரண்டிலும் அடர்ந்த பச்சை.

மறைந்தது ஒரு பழக்கம். பிரேசிலின் அமேசான் காட்டில், தென்கிழக்குப் பகுதியில், மரங்கள் தாங்கள் வெளியே விடும் கரியமில வாயுவைவிடக் கொஞ்சம் அதிகமாக உள்ளே இழுத்து வைத்துக்கொண்டிருந்தன. அந்தக் கொஞ்சம்தான் காலமாகிவிட்டது. காட்டில் மிஞ்சிய பகுதி நிற்கிறது, குரங்கு தாவுகிறது, மாலையில் கிளிகள் கத்திக்கொண்டு கூடு திரும்புகின்றன. மிச்சம் பிடிக்கும் பழக்கம் மட்டும் இல்லை.

மறைந்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுமுன், அவர் உயிரோடு இருந்தபோது நாம் வைத்த பட்டப்பெயரைத் திருத்தியாக வேண்டும். 'உலகின் நுரையீரல்' என்றோம். பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியிலிருந்து பன்னாட்டு மேடை வரை அதே பெயர். 2019 ஆகஸ்டில் காடு எரிந்தபோது பிரான்ஸ் அதிபர் மக்ரோன்கூட, உலகுக்கு 20 சதவீத ஆக்சிஜன் தரும் நுரையீரல் எரிகிறது என்று ட்விட்டரில் எழுதினார். அந்தக் கணக்கு தப்பு. முதிர்ந்த காடு பகலில் விடும் ஆக்சிஜனை அதே மரங்களின் வேரும் தண்டும், தரையில் சருகைத் தின்னும் பூஞ்சையும் கறையானும் ஏறக்குறைய முழுக்கச் செலவழித்துவிடும். ஆக்சிஜனில் அதற்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். செய்யாத வேலைக்கு வாழ்த்துமடல் வாசித்தோம். செய்த வேலையின் பெயர்கூடப் பலருக்குத் தெரியவில்லை. இந்தப் பட்டப்பெயர் மேல் எனக்குத் தனியாகவே ஒரு கோபம் உண்டு.

செய்த வேலையைக் கடைக் கணக்குப்போலச் சொன்னால் எளிது. வெயிலில் இலை கரியமில வாயுவை வாங்குகிறது, அது வரவு. இரவும் பகலும் மரம் மூச்சுவிடுகிறது, உதிர்ந்ததும் விழுந்ததும் மட்கி மறுபடி வாயுவாகிறது, அது செலவு. வரவும் செலவும் மலையளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மடுவளவு. அந்த மடு நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்துதான் அமேசானின் மரத்திலும் வேரிலுமாகச் சுமார் 12,300 கோடி டன் கார்பன் நிற்கிறது.

இந்த மடுவை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. வளர்ந்து முடிந்த காட்டில் பிறப்பும் இறப்பும் சமம், வரவும் செலவும் சரிக்குச் சரி என்பதுதான் பாடம். அதைச் சந்தேகிக்க வைத்தது ஒரு டேப். தையல்காரர் வைத்திருப்பது மாதிரி டேப்பை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய், தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சளவில், மரத்தைச் சுற்றி அளப்பார்கள். அளந்த இடத்தில் சாயக்கோடு. பக்கத்தில் எண் பொறித்த அலுமினியத் தகடு. சில ஆண்டுகள் கழித்து அதே மரத்தைத் தேடிப்போய் அதே கோட்டில் மறுபடி அளப்பார்கள். செத்ததைக் கழித்து, புதிதாகத் தலையெடுத்ததைச் சேர்த்து எழுதுவார்கள். சேறு, கொடுக்கு, காய்ச்சல் எல்லாம் தாண்டிப் பல நாட்டு ஆட்கள் பல ஆண்டுகள் சேர்த்த இந்த ஏடுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஆலிவர் பிலிப்ஸும் கூட்டாளிகளும் 1998-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள்: யாரும் கை வைக்காத அமேசான் காடு பெருத்துக்கொண்டிருக்கிறது.

ஏன் பெருத்தது? முக்கியக் காரணம் நாம்தான் என்று ஊகிக்கிறார்கள். நம் வண்டிப் புகையும் நிலக்கரிப் புகையும் காற்றில் கரியமில வாயுவைக் கூட்டின. இலைக்கு அது கூடுதல் சோறு. தொண்ணூறுகளில் அமேசான் ஆண்டுக்கு ஏறக்குறைய 200 கோடி டன் கரியமில வாயுவை மிச்சம் பிடித்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் கூலி பேசவில்லை. நாம் போட்ட குப்பையை எடுத்து உடம்பாக்கிக்கொண்டது. இத்தனைக்கும் அது நிற்கும் மண் பெரும்பாலும் பஞ்சை மண். மழை அரித்துக்கொண்டு போகும் பாஸ்பரஸை ஈடுகட்ட சகாரா பாலைவனத் தூசி அட்லாண்டிக்கைத் தாண்டிவந்து விழவேண்டியிருக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் அந்தத் தூசியில் வருவதாக 2015-இல் ஒரு செயற்கைக்கோள் கணக்கு வந்தது. பாலைவனம் போட்ட உரத்தில் காடு.

அந்த உற்சாகம் நீடிக்கவில்லை. 2015-இல் ரோயல் பிரினனும் சகாக்களும் 321 அளவைத் திட்டுகளின் ஏடுகளைக் கூட்டிப் பார்த்தபோது, இரண்டாயிரங்களில் அந்த மிச்சம் பாதியாகியிருந்தது. வளர்ச்சி ஒரு மட்டத்தில் நின்றுவிட, சாவு மட்டும் ஏறிக்கொண்டே போயிருந்தது. கூடுதல் சோறு தின்று வேகமாக வளர்ந்த மரம் வேகமாகவே வயதாகிப் போய்ச்சேர்ந்தது என்பது ஒரு விளக்கம். வறட்சியும் வெக்கையும் இன்னொன்று. ஆக, நாடி தளர்ந்தது முன்பே தெரிந்தது. எந்த உறுப்பு முதலில் நிற்கும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

நின்றது தென்கிழக்கு. மாட்டோ குரோசோ மாநிலத்தின் வடக்கும் பாரா மாநிலத்தின் தெற்கும் சேர்ந்த பரப்பு. இங்கே 1976-இல் உருவாக்கப்பட்ட ஒரு குடியேற்ற நகரத்தின் பெயர் அல்டா ஃப்ளோரெஸ்டா. போர்த்துகீசிய மொழியில் 'உயர்ந்த காடு' என்று பொருள். வெட்டுவதற்கு வந்தவர்கள் வெட்டப்போகிற பொருளின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். நம்மூரில் வேப்பந்தோப்பு, மாந்தோப்பு என்று தெருப்பெயர் இருந்தால் அங்கே என்ன இருந்திருக்கும், இப்போது என்ன இல்லை என்று சொல்லிவிடலாமே, அதுபோல.

அப்போது பிரேசிலில் ராணுவ ஆட்சி. ஆள் இல்லாத நிலத்தை நிலம் இல்லாத ஆட்களுக்கு என்ற முழக்கத்தோடு சாலை போட்டார்கள். அந்த நிலத்தில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக ஆட்கள் இருந்தார்கள் என்பது முழக்கத்தில் வரவில்லை. 1972-இல் கிழக்கு மேற்காக டிரான்ஸ் அமேசான் நெடுஞ்சாலை. அதே பத்தாண்டில் தெற்கு வடக்காகக் குயாபாவிலிருந்து சான்டரெம் வரை பி.ஆர்.163. சாலையை அடுத்து மரக்காரர்கள், மரக்காரர்களை அடுத்து மாட்டுக்காரர்கள், மாட்டுக்காரர்களை அடுத்து சோயா. வேகமாக வெட்ட ஒரு முறை உண்டு: கப்பல் நங்கூரத்துக்குக் கட்டும் தடித்த சங்கிலியின் இரண்டு முனைகளை இரண்டு டிராக்டரில் கட்டி, இணையாக ஓட்டிக்கொண்டே போவது. இடையில் இருப்பதெல்லாம் சரியும். சரிந்ததை வெயிலில் காயவிட்டு, ஆகஸ்ட் செப்டம்பரில் தீ வைப்பார்கள். 2004-ஆம் ஆண்டில் மட்டும் பிரேசில் அமேசானில் 27,772 சதுர கிலோமீட்டர் காடு போனது. தமிழ்நாட்டின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், ஒரே ஆண்டில். எதிர்த்து நின்றவர்களும் போனார்கள். ஏழைக் குடியானவர்களோடு சேர்ந்து காட்டை விடாமல் வாழும் வழி தேடிய டோரதி ஸ்டாங் என்ற 73 வயதுக் கன்னியாஸ்திரீயைப் பாராவில் அனாப்பு அருகே காட்டுப்பாதையில் வைத்துச் சுட்டார்கள். 2005 பிப்ரவரி 12.

வெட்டிய இடத்திலும் ஒன்றிரண்டு மரம் நிற்கும். பிரேசில் நட் காய்க்கும் காஸ்தான்யேரா மரத்தை வெட்டச் சட்டம் அனுமதிக்காது. அதனால் சுற்றிலும் எல்லாவற்றையும் சாய்த்துவிட்டு அதை மட்டும் விட்டுவைப்பார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் சோயா. நடுவில் ஐம்பது மீட்டர் உயரத்தில் ஒற்றை மரம், கிளையெல்லாம் உச்சியில், குடையில்லாத குடைக்காம்பு மாதிரி. அதன் பூவுக்குள் நுழைய உடம்பில் வலுவுள்ள பெரிய காட்டுத் தேனீ வேண்டும், ஏனென்றால் மூடி போட்ட பூ. அந்தத் தேனீக்கு இருக்கக் காடு வேண்டும். தேங்காய் ஓடு மாதிரிக் கெட்டியான அதன் காயைக் கடித்து உடைத்து, விதையை எடுத்துப் போய்ப் புதைத்து, புதைத்த இடத்தை மறந்துவிட அகூத்தி என்கிற கொறிவிலங்கு வேண்டும். அதற்கும் காடு வேண்டும். சட்டம் மரத்தைக் காப்பாற்றியது. பிறகு அங்கே ஒரு காற்று அடித்தாலோ பக்கத்து வயலில் வைத்த தீ அண்டினாலோ அதுவும் முடிந்தது. நின்றபடியே வெளுத்துப்போன காஸ்தான்யேராக்கள் அந்தச் சாலையோரங்களில் வழக்கமான காட்சி.

ஆனால் இந்த இரங்கல் வெட்டுப்பட்ட மரங்களுக்கானது அல்ல. அவற்றுக்கு எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். வெட்டாமல் விட்ட காட்டுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் விஷயம்.

அமேசானில் மழை கடலிலிருந்து ஒரேயடியாக வருவதில்லை. அட்லாண்டிக் காற்று கொண்டுவரும் ஈரம் கிழக்கு ஓரத்தில் பெய்யும். மரம் உறிஞ்சி இலைவழியே ஆவியாக விடும். அது மேகமாகி இன்னும் மேற்கே தள்ளிப் பெய்யும். பெய்கிற மழையில் பாதி இப்படிக் காடே திருப்பிக் கொடுத்ததுதான் என்று எனியாஸ் சலாட்டி எழுபதுகளில் மழைநீரின் ஆக்சிஜன் ஐசோடோப்புகளை வைத்துக் காட்டினார். ஒரு பெரிய மரம் நாளொன்றுக்குப் பல நூறு லிட்டர் தண்ணீரை வானத்துக்கு ஏற்றும். பிரேசில்காரர்கள் இதைப் 'பறக்கும் ஆறுகள்' என்கிறார்கள். பந்திப் பரிமாறல் மாதிரி கை மாறிக் கை மாறிப் போகிற ஈரம். வரிசையின் நடுவில் நாலு பேர் எழுந்து போய்விட்டால் கடைசி இலைக்குச் சோறு வராது.

எழுந்து போனார்கள். தென்கிழக்கில் கால் பங்குக்கும் மேல் காடு வெட்டுப்பட, மீதிக் காட்டுக்கு வேனில்மழை குறைந்தது, வறண்ட காலம் வாரக்கணக்கில் நீண்டது. நாற்பது ஆண்டுகளில் ஆகஸ்ட், செப்டம்பர் வெப்பநிலை அங்கே சுமார் இரண்டரை டிகிரி ஏறியிருக்கிறது. உலக சராசரி ஒன்றே கால் டிகிரிக்கே மாநாடு கூட்டிக்கொண்டிருக்கிற காலத்தில்.

ஓர் இலையின் அளவில் இதைப் பார்க்கவேண்டும். இலையின் அடிப்பக்கம் முழுக்க இலைத்துளைகள், கண்ணுக்குத் தெரியாத வாய்கள். வாயைத் திறந்தால்தான் கரியமில வாயு உள்ளே வரும். திறந்த வாய்வழியே தண்ணீரும் போகும். ஒரு மூலக்கூறு வாயு வாங்க நூற்றுக்கணக்கான மூலக்கூறு தண்ணீரைத் தரவேண்டும். மழை உள்ள நாளில் இது கட்டுப்படியாகிற வியாபாரம். ஆகஸ்ட் மாதத்து நண்பகலில் காற்று காய்ந்து உறிஞ்சும்போது மரம் கதவைச் சாத்திவிடும். கடையைச் சாத்தினால் வரவு நின்றுபோகிறது; வாடகை நிற்பதில்லை. வேரும் தண்டும் மூச்சுவிட்டுக்கொண்டேதான் இருக்கும், வெக்கை ஏற ஏற இன்னும் வேகமாக. சாத்திய கதவுக்குப் பின்னால் கைம்முதல் கரையும்.

எவ்வளவு நாள் சாத்தி வைக்கலாம்? இதைத் தெரிந்துகொள்ள கிழக்கு அமேசானில் காஷியுவானா என்ற காட்டில் ஒரு விபரீதச் சோதனை செய்தார்கள். 2002-இல் ஒரு ஹெக்டேர் காட்டுக்குள், தரைக்குச் சற்று மேலே, பந்தல் போட்டது மாதிரி பிளாஸ்டிக் தகடுகளை வேய்ந்து, விழுகிற மழையில் பாதியை வாய்க்கால் வைத்து வெளியே அனுப்பினார்கள். மரங்களின் தலை மழையில் நனையும். காலுக்குப் பாதித் தண்ணீர்தான். முதல் சில ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விழ ஆரம்பித்தன. விழுந்தவை பெரும்பாலும் பெரியவை. குட்டி மரங்கள் தாக்குப்பிடிக்க, வானத்தை முட்டி நின்ற மூத்தவை சாய்ந்தன. செத்தது பட்டினியால் அல்ல என்பதை 2015-இல் அறிவித்தார்கள்: உடம்பில் மாவுச்சத்து இருந்தது. தண்ணீர் ஏறும் நுண்குழாய்களில் இழுவை தாங்காமல் காற்றுக்குமிழ் புகுந்து, குழாய் அடைத்துக்கொண்டது. வீட்டில் நெல் இருக்கத் தாகத்தில் போன உயிர்கள். ஒரு பெரிய மரம் விழுந்தால் நூற்றுக்கணக்கான சிறு மரங்களின் சேமிப்புக்குச் சமமான கார்பன் பூஞ்சையின் கைக்குப் போகிறது. அது ஒரேநாளில் காற்றில் கலக்காது. பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் மெல்ல மெல்லக் கசியும். இன்றைக்குக் காட்டிலிருந்து வருகிற வாயுவில் ஒரு பகுதி முந்தைய வறட்சிகளில் செத்தவர்களின் மூச்சு.

இனி, சாவை உறுதி செய்தவர் கதை.

எங்கள் பாட்டி போனபோது டாக்டர் வருவதற்கு முன் அத்தை ஒரு பஞ்சுத் துணுக்கைப் பிரித்து மூக்குக்கு நேரே பிடித்தார். பஞ்சு அசையவில்லை. அவ்வளவுதான் பரிசோதனை. லூசியானா கட்டி செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். பஞ்சுக்குப் பதில் கண்ணாடிக் குப்பி. பிரேசிலின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வேதியியலாளர் இவர். மரம் மரமாக அளக்கிற வேலையை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, காடு விடும் மூச்சைப் பிடிக்க வானத்துக்குப் போனார்.

சின்ன விமானம், ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு லிட்டருக்கும் குறைந்த கொள்ளளவில் ஒரு டஜனுக்குக் குறையாத குப்பிகள். விமானம் ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர் உயரம் ஏறி, அங்கிருந்து சுழல் படிக்கட்டில் இறங்குவது மாதிரிச் சுற்றிச் சுற்றிக் கீழே வரும். ஒவ்வொரு உயரத்திலும் ஒரு குப்பியைத் திறந்து காற்றை அடைத்து மூடவேண்டும். மர உச்சிகளுக்குச் சற்று மேலே வரும்போது கடைசிக் குப்பி. குப்பிகள் ஆய்வகத்துக்குப் போகும். மாதத்துக்கு இரண்டு தடவை அளவில், நான்கு இடங்களில், 2010 முதல் 2018 வரை மொத்தம் 590 இறக்கங்கள். கேட்க ஒரு வரி. ஒன்பது வருஷம் பணம் கேட்டு, விமானி பிடித்து, வானிலை பார்த்து, உடைந்த குப்பிக்கு மாற்று வாங்கி இதை நடத்தியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் அந்த 590 எனக்குக் கோபுரம் மாதிரித் தெரிகிறது.

கணக்கு போடும் விதம் அழகானது. காற்று கிழக்கிலிருந்து வருகிறது. கடலைக் கடந்து காட்டுக்குள் நுழையுமுன் அதில் எவ்வளவு கரியமில வாயு என்பது அட்லாண்டிக்கின் அசென்ஷன் தீவிலும் பார்படோஸிலும் நடக்கும் அளவீடுகளிலிருந்து தெரியும். காட்டைக் கடந்து வந்த காற்றில் எவ்வளவு என்பது குப்பியில் இருக்கிறது. முன்னதைவிடப் பின்னது குறைவென்றால் காடு வாங்கியிருக்கிறது, கூடுதலென்றால் கொடுத்திருக்கிறது. அதில் எவ்வளவு தீயின் புகை, எவ்வளவு காட்டின் சொந்த மூச்சு என்று பிரிக்க இன்னொரு வாயு உதவுகிறது. எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து வரும். அதை அளந்து தீயின் பங்கைக் கழித்துவிடலாம்.

2021 ஜூலையில் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. அமேசான் முழுவதையும் சேர்த்தால், தீயால் ஆண்டுக்குச் சுமார் 150 கோடி டன் கரியமில வாயு வெளியேறுகிறது. காடு திரும்ப வாங்குவது சுமார் 50 கோடி டன். அதாவது நூறு கோடி டன் பற்று. மேற்கே நிலைமை ஏறக்குறைய சமநிலை. கிழக்கே கடன். தென்கிழக்கில்தான் மிக மோசம். அங்கே தீயின் பங்கை முழுக்கக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் காடு வாங்குவதைவிடக் கொடுப்பதே அதிகமாக இருந்தது. தீயைக் குற்றம் சொல்லித் தப்பிக்க வழியில்லை. பஞ்சு அசையவில்லை என்பதைவிட மோசம்: பஞ்சு எதிர்ப்பக்கம் அசைந்தது.

ஆகவே மறைவுத் தேதி 2010-க்கும் 2018-க்கும் நடுவே. இன்னும் முன்பேகூட இருக்கலாம். அளக்க ஆரம்பித்தபோதே குளிர்ந்திருந்ததோ என்னவோ.

தகனம் பிறகு நடந்தது. 2019 ஆகஸ்ட் 10-ஐ அங்கே 'தீ நாள்' என்று சொல்கிறார்கள். பி.ஆர்.163 ஓரத்தில் நோவோ புரோக்ரெசோ என்ற ஊரைச் சுற்றி நிலக்காரர்கள் பேசிவைத்துத் தீ வைத்தார்கள். வைக்கப்போகிறோம் என்ற செய்தி உள்ளூர்ப் பத்திரிகையில் முன்கூட்டியே வந்திருந்தது. ஊரின் பெயருக்குப் 'புது முன்னேற்றம்' என்று பொருள். ஒன்பது நாள் கழித்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த சாவோ பாவ்லோ நகரத்தில் மதியம் மூன்று மணிக்கு வானம் இருண்டது. குளிர்மேகமும் காட்டுப்புகையும் சேர்ந்துகொண்டன. காடழிவைச் செயற்கைக்கோளில் கண்காணித்த விண்வெளி நிறுவனத்தின் தலைவர் ரிக்கார்டோ கல்வாவ், எண்கள் பொய் என்று சொன்ன அதிபர் போல்சொனாரோவை வெளிப்படையாக எதிர்த்துப் பேசியதால் அதே மாதம் பதவி இழந்தார். 2019, 2020 இரண்டு ஆண்டுகளையும் கட்டி குழுவினர் அளந்தே வைத்திருந்தார்கள். அமேசானிலிருந்து போன கார்பன், முந்தைய ஒன்பது ஆண்டுச் சராசரியைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சட்டத்தை அமல்படுத்துவது தளர்ந்ததே முக்கியக் காரணம் என்று 2023-இல் எழுதினார்கள்.

சான்டரெம் பெயர் மேலே வந்தது. அந்த ஊர் தபஜோஸ் ஆறு அமேசானில் கலக்கும் இடம். அங்கே 2015-16 எல் நினோ வறட்சியிலும் தீயிலும் கொடிகளையும் சேர்த்து சுமார் 250 கோடி மரங்கள் செத்ததாக எரிகா பெரெங்கர் குழு கணக்கிட்டது. அந்தப் பரப்பு பிரேசில் அமேசானில் 1.2 சதவீதம்தான். தமிழர்களுக்கு அந்த ஆற்றங்கரையோடு ஒரு பழைய உறவு உண்டு. 1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் எழுபதாயிரம் ரப்பர் விதைகளைத் தபஜோஸ் கரையிலிருந்துதான் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்ததில் பெரும்பகுதி இலங்கைக்கு வந்தது; அங்கிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மலாயாவுக்குப் பரவியது. விடியற்காலை இருட்டில் வாளியும் கத்தியுமாகப் பால் வெட்டப் போன நம் சனங்கள் அத்தனை பேரும் அந்த ஆற்றங்கரைக் காட்டின் பிள்ளைகளிடம்தான் கூலிக்கு நின்றார்கள். ஆக, துக்கம் கேட்க நமக்கும் ஒரு உரிமை இருக்கிறது.

வருந்தும் குடும்பத்தாரில் யார் யார்? மேற்கு அமேசான் இருக்கிறது. மூச்சு வாங்குகிறது, நடமாட்டம் உண்டு. ஆப்பிரிக்கக் காங்கோ காடு இன்னும் மிச்சம் பிடிக்கிறது, அங்கும் தளர்ச்சி தொடங்கிவிட்டது. வான்னஸ் ஹுபாவ் குழுவினர் மூன்று லட்சம் மரங்களின் முப்பது ஆண்டு ஏடுகளைப் பார்த்து 2020-இல் சொன்னது இது: தொண்ணூறுகளில் மனிதர் வெளியிட்ட கரியமில வாயுவில் 17 சதவீதத்தைத் தீண்டப்படாத வெப்பமண்டலக் காடுகள் வாங்கிக்கொண்டன, 2010-களில் 6 சதவீதம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மழைக்காடுகளில் மரங்களின் தண்டும் கிளையும் வாங்குவதைவிட விடுவது அதிகமாகிக் கால் நூற்றாண்டு ஆகிறது என்று 2025 அக்டோபரில் செய்தி வந்தது. பெரிய குடும்பம்தான். எல்லோருக்கும் ஒரே நோய்.

ஒன்றை நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். 2004-இல் 27,772 சதுர கிலோமீட்டராக இருந்த காடழிவு 2012-இல் 4,571 ஆனது. கண்காணிப்பு, அபராதம், புதுப் பழங்குடி நிலங்கள், புதிதாக வெட்டிய நிலத்துச் சோயாவை வாங்குவதில்லை என்று 2006-இல் வணிகர்கள் செய்த ஒப்பந்தம், எல்லாம் சேர்ந்து செய்தவை. பிறகு ஏறி 2021-இல் 13,000-ஐத் தாண்டியது. 2024-இல் 6,288-க்கு இறங்கியது. வெட்டுவதை நிறுத்த முடியும் என்பது நிரூபணமான விஷயம். நிறுத்தினால் நீண்டுபோன வறண்ட காலம் சுருங்கி இலை மறுபடி கதவைத் திறக்குமா என்பது அங்கிருக்கும் இலையைத்தான் கேட்கவேண்டும்.

பாட்டி போய் மூன்று வருஷம் வரை எங்கள் ரேஷன் கார்டில் அவர் பெயர் இருந்தது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை. எழுதிக்கொடுத்து நீக்க யாருக்கும் நேரம் கூடிவரவில்லை. மாதாமாதம் அவர் பங்குக்கும் அரிசி வந்தது, நாங்களும் தின்றோம். நாடுகள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுக்கும் உமிழ்வுக் கணக்கிலும் இப்படி ஒரு கார்டு இருக்கிறது. பிரேசிலின் கணக்கில் காப்புக்காடுகளும் பழங்குடியினர் நிலங்களும் 'பராமரிக்கப்படும் நிலம்'. மாட்டோ குரோசோவில் சோயாக்கடல் நடுவே பச்சைத் தீவாக நிற்கும் ஷிங்கு பழங்குடி நிலமும் அதில் அடக்கம். அங்கே நிற்கும் காடு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு இவ்வளவு கார்பன் வாங்கும் என்று ஒரு சராசரி எண் இருக்கிறது. அந்த எண்ணைப் பரப்பால் பெருக்கி நாட்டின் புகையிலிருந்து கழித்துக்கொள்வார்கள். விதிப்படி சரிதான், மற்ற நாடுகளும் தத்தம் காடுகளை வைத்து இதே கழித்தலைச் செய்கின்றன. சராசரி எண்ணுக்கு ஆகஸ்ட் மாதம் தெரியாது. பெருக்கிக் கழித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பியாகிறது. அரிசி வந்துகொண்டிருக்கிறது.